டாலர் சரியும்போது தோட்டா வாங்கி அடுக்கலாமா?

"அண்ணா, கையில் 1,500 டாலர் தனியாக இருக்கு. டாலர் மதிப்பு இறங்கிட்டே போகுது, தோட்டா விலை ஏறிட்டே போகுதுன்னு எல்லோரும் சொல்றாங்க. மொத்தமா வாங்கிப் போட்டுடட்டுமா?"

டாலஸுக்கு வடக்கே நான் சனிக்கிழமைகளில் போகும் துப்பாக்கி சுடுதளத்தில் பழக்கமான தம்பி ஒருவர் இப்படிக் கேட்டார். கிரீன் கார்டு கிடைத்து ஒரு 9 எம்.எம். கைத்துப்பாக்கி வாங்கியிருக்கிறார். மாதம் 200 தோட்டா சுடுகிறார். "வாங்கிப் போடுங்க, கெட்டுப்போகாது" என்று அன்றைக்குச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்ததும் அந்தப் பதில் பாதிதான் சரி என்று தெரிந்தது. அவருக்கு அப்புறம் விளக்கிச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாவைக்கூட வைத்திருக்கக் கூடாது என்பதுதான் அமெரிக்க மத்தியச் சட்டத்தின் பொது விதி. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவை உங்களுக்குப் பொருந்துமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். வீட்டில் கிடக்கும் ஒற்றைத் தோட்டா விசாவுக்கே வினையாகலாம். இனி வருவதெல்லாம் கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர்களுக்கு.

தம்பியின் கேள்வியில் இரண்டு பயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. டாலர் தேய்கிறது என்பது ஒன்று. தோட்டா கிடைக்காமல் போகும், கிடைத்தாலும் மூன்று மடங்கு விலையாகும் என்பது மற்றொன்று. இரண்டும் வேறு வேறு நோய். ஒன்றுக்கான மருந்து மற்றதைக் குணமாக்காது. இதை நான் சொந்தக் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

2021 பிப்ரவரியில் நான் ஆயிரம் 9 எம்.எம். தோட்டா உள்ள ஒரு கேஸ் வாங்கினேன், ஒன்று 68 சென்ட் வீதம். வரியோடு எழுநூறு டாலரைத் தாண்டியது. ஓராண்டுக்கு முன்பு, 2020 தொடக்கத்தில், அதே சரக்கு 18 சென்ட் அளவில் தாராளமாகக் கிடைத்தது. நடுவில் பெருந்தொற்று, தெருப் போராட்டங்கள், அதிபர் தேர்தல் எல்லாம் வந்து போயின. எஃப்.பி.ஐ.யின் துப்பாக்கிப் பின்னணிச் சோதனைகள் 2020இல் மட்டும் கிட்டத்தட்ட 4 கோடி. ரெமிங்டன் நிறுவனம் அதே ஆண்டு ஜூலையில் திவாலானது. ஆர்கன்சாவில் லோனோக் ஊரில் இருந்த அதன் தோட்டாத் தொழிற்சாலை கைமாறியது. நாடே வாங்க ஓடிய நேரத்தில் ஒரு பெரிய ஆலை தடுமாறிக் கிடந்தது.

அன்றைக்கு நான் எனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம், தம்பி இன்று சொல்லும் அதே நியாயம்தான். "அரசு நோட்டாக அச்சடிக்கிறது, டாலர் மதிப்பு போய்விடும், தோட்டா கையில் இருந்தால் மதிப்பு நிற்கும்." டாலரைப் பற்றி நான் நினைத்தது பொய்க்கவில்லை. 2022 ஜூனில் விலைவாசி உயர்வு 9.1 சதவீதத்தைத் தொட்டது. ஆனால் தோட்டா? 2023இல் அதே கேஸ் 240 டாலருக்கு வந்துவிட்டது. டாலரின் வாங்கும் சக்தியும் குறைந்தது, டாலரிலிருந்து தப்பிக்க நான் வாங்கிய பொருளின் விலையும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது.

நீண்ட காலக் கணக்கு இன்னும் தெளிவாகச் சொல்லும். 2020 தொடக்கத்தில் 18 சென்ட், பீதி அடங்கியபின் 22 முதல் 25 சென்ட். சுமார் மூன்றில் ஒரு பங்கு ஏற்றம். 2020 ஜனவரியிலிருந்து 2025 ஜனவரி வரை அமெரிக்காவின் பொது விலைவாசி ஏறியது சுமார் 23 சதவீதம். ஆக, தோட்டா விலை ஏறக்குறைய மளிகை விலையோடுதான் நடக்கிறது, சற்று வேகமாக. இடையிடையே வரும் அந்த மலை உச்சிகள் பீதியால் வந்தவை. டாலருக்கும் அவற்றுக்கும் பெரிய உறவில்லை.

"டாலர் இறங்குதுன்னு சொல்றாங்க, ஊருக்கு அனுப்பும்போது ரூபாய் கூடத்தானே கிடைக்குது?" என்றார் தம்பி. நல்ல கேள்வி. 2025இன் முதல் ஆறு மாதத்தில் டாலர் குறியீடு பத்து சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. 1973க்குப் பிறகு ஓர் ஆண்டின் முதல் பாதியில் இவ்வளவு சரிவு வந்ததில்லை. ஆனால் அந்தக் குறியீட்டில் இருப்பவை யூரோ, யென், பவுண்டு, கனடா டாலர், ஸ்வீடன் குரோனா, சுவிஸ் பிராங்க் ஆகிய ஆறு நாணயங்கள் மட்டும். ரூபாய் அதில் இல்லை. அதே 2025 டிசம்பரில் ரூபாய் ஒரு டாலருக்கு 90ஐத் தாண்டிப் பலவீனமானது. ஊருக்குப் பணம் அனுப்புகிறவர் டாலர் வலுத்ததாக நினைப்பார், செக் நாட்டுத் தோட்டா வாங்குகிறவர் இளைத்ததாக நினைப்பார். இருவர் சொல்வதும் உண்மைதான்.

செக் நாடு என்று சும்மா சொல்லவில்லை. 1825இல் தொடங்கிய செல்லியர் அண்ட் பெல்லட் கம்பெனியின் தோட்டா அங்கேதான் தயாராகிறது. பியோக்கி இத்தாலிக் கம்பெனி, பி.பி.யு. செர்பியா, மேக்டெக் பிரேசில், பி.எம்.சி. தென்கொரியா. 2025 ஜனவரியில் ஒரு யூரோவுக்கு 1.03 டாலர் போதும், ஜூன் கடைசியில் 1.18 தேவைப்பட்டது. ஐரோப்பிய ஆலை விலையை ஒரு காசுகூட ஏற்றாவிட்டாலும், பத்து யூரோ பெட்டிக்கு இங்கே ஒன்றரை டாலர் கூடுகிறது. அதற்கு மேல் இறக்குமதி வரி. 2025 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 15, செர்பியாவுக்கு 35, பிரேசிலுக்கு 50 சதவீதம் என்று வந்தது. மலிவாக வந்துகொண்டிருந்த ரஷ்யத் தோட்டாவுக்கு 2021 செப்டம்பரிலேயே புதிய இறக்குமதி அனுமதி நின்றுவிட்டது. ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் அலெக்சி நவல்னிக்கு விஷம் வைத்த விவகாரத்துக்காகப் போட்ட தடை அது.

உள்நாட்டுத் தோட்டாவுக்கும் நிம்மதி இல்லை. உறை செய்யும் பித்தளையில் 70 சதவீதம் செம்பு. தோட்டாவின் முனையில் உள்ள ஈயக் குண்டைக் கெட்டியாக்கவும், அடியில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமருக்குள்ளும் ஆன்டிமனி என்ற உலோகம் வேண்டும். 2024 செப்டம்பரில் சீனா அதன் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது, டிசம்பரில் அமெரிக்காவுக்கு அறவே நிறுத்தியது. அந்த ஒரே ஆண்டில் ஆன்டிமனி விலை மூன்று மடங்கானது. உக்ரைன் போருக்குப் பிறகு வெடிமருந்தின் மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோஸுக்குப் பீரங்கிக் குண்டுகளும் எங்கள் தோட்டாவுக்குள் போகும் மருந்தும் ஒரே வரிசையில் நின்று போட்டி போடுகின்றன.

ஆனால் செம்பு விலையைக் கேட்டுப் பதறுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. ஒரு 9 எம்.எம். தோட்டாவில் உறையும் குண்டின் மேல்தோலும் சேர்த்து உத்தேசமாக 60 கிரெயின் செம்பு இருக்கும். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின், அதாவது ஒரு பவுண்டு செம்பில் 110, 120 தோட்டா. 2025 ஜூலையில் அமெரிக்கச் சந்தையில் செம்பு பவுண்டுக்கு 5.80 டாலர் வரை போனபோதுகூட, 4 டாலராக இருந்த காலத்தைவிடத் தோட்டா ஒன்றுக்கு ஒன்றரை சென்ட்தான் கூடுகிறது. உலோகம் இப்படித்தான் அரை சென்ட், ஒரு சென்ட் என்று ஏற்றும். பீதி வந்தால் ஒரே தாவலில் ஐம்பது சென்ட். இவ்வளவு செலவு ஏறியும் 2025இல் 9 எம்.எம். விலை பெரிதாகத் தாவவில்லை. வாங்க ஆள் குறைவு என்பதால் ஆலைகளே பெரும்பகுதியைத் தாங்கிக்கொண்டன.

இதை வைத்துக்கொண்டு தம்பியின் கணக்குக்கு வருவோம். மாதம் 200 என்றால் ஆண்டுக்கு 2,400 தோட்டா. 24 சென்ட் வீதம் 576 டாலர். டாலர் தேய்மானம், இறக்குமதி வரி எல்லாம் சேர்ந்து விலை பத்து சதவீதம் ஏறினால், அவருக்கு ஆண்டுக்குக் கூடுதல் செலவு 58 டாலர். அதற்குப் பயந்து 1,500 டாலரை இரும்புப் பெட்டியில் பூட்டத் தேவையே இல்லை. ஆனால் 2021 போல் மறுபடியும் 70 சென்ட் ஆனால் அதே 2,400 தோட்டா 1,680 டாலர். வித்தியாசம் ஆயிரத்து நூறு டாலருக்கும் மேல். கையிருப்பு வைப்பது இந்த இரண்டாவது ஆபத்துக்காக மட்டும்தான் நியாயமாகிறது.

சரி, வழிகள் என்னென்ன?

1,500 டாலருக்கும் 9 எம்.எம். வாங்கி அடுக்குவது முதல் வழி. டெக்சஸில் எங்கள் பகுதி விற்பனை வரி 8.25 சதவீதம், அது போக சுமார் 5,700 தோட்டா வரும். இரண்டு ஆண்டுக்கு மேல் தாங்கும். ரப்பர் வளையம் வைத்த இரும்புப் பெட்டியில் போட்டு, ஈரமும் வெப்பமும் படாத இடத்தில் வைத்தால் பல பத்தாண்டுகள் கெடாது. டெக்சஸ் பரணிலும் கார் டிக்கியிலும் மட்டும் வைக்காதீர்கள், கோடையில் அங்கே அடுப்பு மாதிரி இருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டுக்குள், தோட்டா வேறொரு பூட்டுக்குள் இருக்க வேண்டும். இதில் எந்த வீட்டுக்கும் விலக்கு இல்லை.

இந்த வழியின் குறை, பணம் உள்ளே போனால் திரும்ப வராது என்பது. தங்கத்தை எந்தக் கடையிலும் நீட்டலாம். தோட்டாவை ஈபேயிலோ பேஸ்புக்கிலோ விற்க அனுமதி இல்லை, அமெரிக்கத் தபாலிலும் அனுப்ப முடியாது. தெரிந்தவர் யாராவது வாங்கினால்தான் உண்டு. அவரும் கடையைவிடக் குறைவாகத்தான் கேட்பார். விற்கலாம் என்று நினைத்து வாங்காதீர்கள், சுடுவதற்கு மட்டும் வாங்குங்கள்.

மாதா மாதம் வாங்கிக்கொண்டே போவது இன்னொரு வழி. சாதாரண நாட்களில் இதில் ஒரு தவறும் இல்லை. பீதிக் காலத்தில் மட்டும் பயிற்சியே நின்றுவிடும். 2012 டிசம்பரில் கனெடிகட்டில் சாண்டி ஹுக் பள்ளிப் படுகொலை நடந்த பிறகு, புதுச் சட்டம் வரும் என்ற பயத்தில் எல்லோரும் வாங்கிக் குவித்தார்கள். அளவில் சிறிய, மிக மலிவான .22 தோட்டாகூட ஆண்டுக்கணக்கில் அலமாரியில் தங்கவில்லை. கடைகளில் ஆளுக்கு ஒரு பெட்டி என்று அளந்து கொடுத்தார்கள். 2020 பீதியும் ஒன்றரை ஆண்டுக்குக் குறையவில்லை. அதனால் ஒன்றரை இரண்டு ஆண்டு ஓட்டக்கூடிய இருப்பு என்பதை நான் அளவுகோலாக வைத்திருக்கிறேன். அதற்கு மேல் போவது பதுக்கல். அடுத்தவருக்குக் கிடைக்காமல் செய்வதும் அதுதான். 2021இல் புதிதாகத் துப்பாக்கி வாங்கிவிட்டு, பாதுகாப்பாகச் சுடப் பழகவே தோட்டா கிடைக்காமல் நின்றவர்களை நான் நேரில் பார்த்தேன். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் ரீலோடிங். சுட்ட பித்தளை உறையைப் பொறுக்கி வந்து, புதுப் பிரைமர் வைத்து, மருந்து அளந்து போட்டு, குண்டை அழுத்தி நாமே தோட்டா செய்வது. நான் ஆறு ஆண்டாகச் செய்கிறேன், மனதுக்குப் பிடித்த வேலை. "அதுல பாதி விலைக்கு முடியுமாமே" என்று தம்பி இதைப் பற்றித்தான் ஆவலாகக் கேட்டார். ஒரு காலத்தில் முடிந்தது. 2020க்கு முன் ஆயிரம் பிரைமர் 30, 35 டாலர். இப்போது 65, 70. மருந்து ஒரு பவுண்டு 40 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 9 எம்.எம்.முக்கு நாலரை கிரெயின் போட்டால் ஒரு பவுண்டில் 1,500க்கு மேல் வரும், அதாவது ஒன்றுக்கு இரண்டரை சென்ட். குண்டு 10 சென்ட், பிரைமர் 7 சென்ட், உறை பொறுக்கியது, இலவசம். மொத்தம் இருபது சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. கடையில் 24. ஐந்து சென்ட்டுக்காக 400, 500 டாலருக்குக் கருவி வாங்கி, சாதாரணக் கை பிரஸ்ஸில் மணிக்கு நூறு தோட்டாகூட முடியாமல் உட்கார்ந்திருப்பது 9 எம்.எம்.முக்குக் கட்டுப்படியாகாது.

308 போன்ற பெரிய தோட்டா சுடும் ரைபிளுக்குக் கதை வேறு. போட்டிகளுக்கென்று செய்யும், குறி தவறாத மேட்ச் தோட்டா கடையில் ஒன்றே முக்கால் டாலர். வீட்டில் நல்ல குண்டு 48 சென்ட், 43 கிரெயின் ரைபிள் மருந்து (இதன் விலை சற்றுக் கூடுதல்) 30 சென்ட் சொச்சம், பிரைமர் 8 சென்ட், உறையின் தேய்மானமும் சேர்த்தால் 95 சென்ட். ஒன்றுக்கு 80 சென்ட் மிச்சம். அறுநூறு தோட்டாவில் கருவி விலை திரும்பி வந்துவிடும். என் துப்பாக்கிக்கு ஏற்ற அளவை நானே கண்டுபிடிக்கும்போது கிடைக்கும் துல்லியம் இதற்கு மேல். தம்பியிடம் ரைபிள் இல்லை, அதனால் அவருக்கு இப்போது வேண்டாம் என்றேன்.

டாலர் தேய்மானத்துக்கு ரீலோடிங் தீர்வு என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரைபிள்காரர்கள் விரும்பும் ஹாட்ஜ்டன் கம்பெனியின் வார்கெட் மருந்து ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது, விட்டாவூரி பின்லாந்திலிருந்து. டாலர் இளைத்தால் அவையும் ஏறும். பிரைமரை அமெரிக்காவில் பெரிய அளவில் செய்பவை நான்கே நான்கு பெயர்கள்: சி.சி.ஐ., ஃபெடரல், வின்செஸ்டர், ரெமிங்டன். அதில் வின்செஸ்டர் தவிர மூன்றும் 2024 நவம்பரிலிருந்து ஒரே செக் குழுமத்தின் கையில் இருக்கின்றன. பீதி வந்தால் ஆலைகள் பிரைமரைத் தங்கள் தோட்டாவுக்கே வைத்துக்கொள்ளும். 2021இல் தோட்டாவாவது அதிக விலை கொடுத்தால் எப்போதாவது கிடைத்தது, பிரைமர் கண்ணிலேயே படவில்லை. செய்கிறவர்கள் கொஞ்சம் பிரைமர் இருப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டில் பத்தாயிரம் பிரைமர், அசல் டப்பாவிலேயே 20 பவுண்டு மருந்து என்று தீயணைப்பு விதி வைத்திருக்கும் வரம்பைத் தாண்டாதீர்கள்.

எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது .22க்கு மாறுவது. தோட்டா ஒன்றுக்கு ஏழு சென்ட். மாதம் சுடும் 200இல் 150ஐ .22 ஆக்கினால், ஒன்றுக்கு 17 சென்ட் வீதம் மாதம் 25 டாலர், ஆண்டுக்கு 300 டாலர் மிச்சம். ஒரு நல்ல .22 கைத்துப்பாக்கி 350 டாலருக்குக் கிடைக்கும். ஓராண்டு சொச்சத்தில் அது தன் விலையைத் திருப்பிக் கொடுத்துவிடும். பிடி, குறி, விசையை அதிராமல் இழுப்பது எல்லாம் .22இல் அப்படியே பழகலாம். உதைப்பை அடக்குவது மட்டும் பழகாது. அதற்காக ஒவ்வொரு முறையும் கடைசி ஐம்பதை 9 எம்.எம்.மில் சுட வேண்டும். தோட்டாவே இல்லாமல், துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, வீட்டில் தினம் பத்து நிமிடம் விசை இழுத்துப் பழகுவதற்குக் காசே தேவையில்லை. என் குறி தேறியது பெரும்பாலும் அதில்தான்.

டாலர் பயத்துக்கு என்ன மருந்து என்றால், அது தோட்டாக் கடையில் கிடையாது. அமெரிக்கக் கருவூலத்தின் ஐ பாண்ட் விலைவாசியோடு வட்டி ஏறும் பத்திரம். ஒருவர் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலர் வரை வாங்கலாம். முதல் ஓராண்டு எடுக்க முடியாது, ஐந்து ஆண்டுக்குள் எடுத்தால் மூன்று மாத வட்டி போகும். 2022இல் அது 9.62 சதவீதம் கொடுத்தது. தங்கம் 2020 தொடக்கத்தில் அவுன்ஸ் 1,500 டாலர் சொச்சம், 2025 அக்டோபரில் 4,000ஐத் தாண்டியது. இனியும் அப்படி ஏறும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் எழுநூறு டாலருக்குத் தோட்டா வாங்கிய அன்று, டாலர் பயம்தான் உண்மையான காரணமாக இருந்திருந்தால், நான் போயிருக்க வேண்டிய கடை வேறு.

தம்பிக்கு நான் கடைசியில் சொன்னது இது. 9 எம்.எம். 2,000, .22 ஐயாயிரம் வாங்குங்கள். வரியோடு 900 டாலர் ஆகும். அதோடு ஒரு .22 கைத்துப்பாக்கி, வரி சேர்த்து 380. மிஞ்சும் 220 டாலர் ஐ பாண்டுக்கோ, இன்னும் வாங்காமல் இழுத்தடிக்கும் அந்த நல்ல காது மூடிக்கோ போகட்டும். மாதம் 150, 50 என்று சுட்டால் .22 இரண்டே முக்கால் ஆண்டு வரும், 9 எம்.எம். மூன்று ஆண்டைத் தாண்டும். என் அளவுகோலைவிட அதிகம்தான். ஆனால் புதிதாகப் பழகுபவர், சில மாதம் 9 எம்.எம். கூடுதலாகவே சுடுவார். விலை அமைதியாக இருக்கும்வரை சுட்டதை மட்டும் திரும்ப வாங்கி நிரப்பினால் போதும். விலை ஏறத் தொடங்கிய பிறகு வரிசையில் போய் நிற்க வேண்டாம், வீட்டில் இருப்பதைச் சுடுங்கள்.

கலிபோர்னியாவிலோ கொலராடோவிலோ இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நாடு முழுவதும் தோட்டாவுக்கு உள்ள 11 சதவீத மத்திய வரி போக, கலிபோர்னியாவில் 2024 ஜூலை முதல் இன்னொரு 11 சதவீதம், கொலராடோவில் 2025 ஏப்ரல் முதல் 6.5 சதவீதம் மாநில வரி உண்டு. அங்கே .22 பக்கம் இன்னும் சாய வேண்டும்.

வாங்கும் பெட்டியின் மூடியில் மாதமும் வருடமும் எழுதி, பழையதை முதலில் சுட வேண்டும். என் பெட்டிகளில் ஒன்றின் மேல் "2021 பிப்ரவரி" என்று இருக்கிறது. அதில் இன்னும் இருநூறு பாக்கி. விலையை நினைத்துச் சுட மனம் வராமல் இத்தனை நாள் வைத்திருந்தேன். வரும் சனிக்கிழமை அதைத்தான் எடுத்துப் போகிறேன். ஐம்பது தம்பிக்கு.